செவலையின் கழுத்தில் என் மெடல்

மதுரை சிம்மக்கல்லில் மெடல் வாங்கப் போனால் நான் மூன்று காரியம் செய்வேன். கையில் ஏந்தி எடை பார்ப்பேன். மேலே ரிப்பன் கோக்கிற வளையத்தைக் கட்டைவிரலால் நெம்பிப் பார்ப்பேன். கடைசியாக மூக்குப் பக்கம் கொண்டுபோய் மோந்து பார்ப்பேன். முதல் இரண்டும் கடைக்காரருக்குப் புரிகிறது. மூன்றாவதைப் பார்த்துத்தான் வருஷா வருஷம் சிரிக்கிறார்.

"என்ன டீச்சர், மோந்து பாத்தா பித்தள தங்கமாவா மாறிரப் போகுது?"

"மாறாதுண்ணே. வளையம் தாங்குமா, அதச் சொல்லுங்க."

"ஸ்கூல் பிள்ளைக கழுத்துல போடுறதுக்கு இதுக்கு மேல என்ன தாங்கணும்?"

"மாட்டுக் கழுத்துல கட்டுனா?"

நான் வம்பு பண்ணுகிறேன் என்றுதான் அவர் நினைக்கிறார். மூன்று டஜன் மெடலைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விடுவார். விளையாட்டு டீச்சராகி எனக்கு ஏழெட்டு வருஷம் ஆகிறது, ஒரு தடவைகூட அவருக்கு முழுக்கதையையும் சொல்ல நேரம் கிடைத்ததில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் மதுரைக்கு மேற்கே, பஸ்ஸில் ஒரு மணி நேரம். அப்பாவுக்கு விவசாயம். கொஞ்சம் நெல், கொஞ்சம் கடலை, ஒரு கிணறு, ஒரு செவலைக் காளை. எட்டாம் வகுப்பிலிருந்து நான் மதுரை கே.கே. நகரில் சித்தி வீட்டில் தங்கிப் படித்தேன். படித்தேன் என்று சொல்வதைவிட ஓடினேன் என்று சொல்வதுதான் நியாயம். நானூறு மீட்டர். வட்டாரம், மாவட்டம் என்று எங்கே கூப்பிட்டாலும் ஓடினேன், கிடைத்த மெடலை எல்லாம் லீவில் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொட்டினேன்.

வீட்டில் அவற்றுக்கு உடனே வேலை கிடைத்துவிடும். மோட்டார் ரூம் சாவியில் ஒன்று தொங்கியது, இருட்டில் சாவி விழுந்தால் சத்தத்தை வைத்துத் தேடலாம் என்று. மோர்ப்பானை மூடின துணி காற்றில் பறக்காமல் நாலு மூலையிலும் நாலு வெண்கலம். ஒன்றை அம்மா கன்றுக்குட்டி கழுத்தில் மணிக்குப் பதிலாகக் கட்டிவிட்டு, சத்தமே வரவில்லை என்று என்னிடம் குறை சொன்னாள். மெடல் என்ற சொல் அவளுக்கு வாயில் வராது. எல்லாம் டாலர்தான். வண்டியூர் மாரியம்மனுக்கு நேர்ந்து கறுப்புக் கயிற்றில் கோத்து என் கழுத்தில் கட்டியது டாலர், சித்தியின் சங்கிலியில் தொங்கும் சிவப்புக் கல் வைத்தது டாலர், நான் மூச்சைப் பிடித்து ஓடி வாங்கியதும் டாலர்.

"அம்மன் டாலரு காத்துக் கருப்பு அண்டாம இருக்க. சித்தி டாலரு கல்யாணங் காச்சிக்குப் போட்டுட்டுப் போக. இது எதுக்குடி?" என்று ஒரு நாள் கேட்டாள்.

கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. கோபம் வந்தது. பதில் தெரியாதபோதெல்லாம் எனக்குக் கோபம்தான் வரும்.

அப்பா அதுகூடக் கேட்கமாட்டார். ஒவ்வொரு மெடலையும் வாங்கி முன்பக்கம் பார்ப்பார், திருப்பிப் பின்பக்கம் பார்ப்பார், "ம்" என்பார், கொடுத்துவிடுவார். செவலை ஒரு சுற்று அதிகம் தவிடு தின்றால் அதைப் பற்றி டீக்கடையில் அரை மணி நேரம் பேசுகிற மனிதர் அவர். என் ஐந்து வருஷ ஓட்டத்துக்கு மொத்தமாக அவரிடமிருந்து கிடைத்தது பதினேழு "ம்". எண்ணி வைத்திருந்தேன்.

பன்னிரண்டாம் வகுப்பில் மாநிலப் போட்டிக்குப் போய் இரண்டாவதாக வந்தேன். தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளை ஒருத்தி அவ்வளவு தூரம் போனது அதுதான் முதல் தடவை. மெடல் உள்ளங்கை அகலம், வெள்ளி நிறம், நீல ரிப்பன். இதைச் சாவிக்குப் போட விடமாட்டேன் என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, அவளுடைய கல்யாணப் பட்டுச்சேலை மடிப்புக்குள் வைத்துத் தகரப் பெட்டியைப் பூட்டினேன். அப்பா வழக்கத்தைவிடக் கொஞ்ச நேரம் அதிகமாகத் திருப்பிப் பார்த்தார். "ம்" என்றார். பதினெட்டு.

பரீட்சை முடிந்து வைகாசியில், ஒரு சனிக்கிழமை மத்தியானம், சித்தி வீட்டுக்குக் கடிதம் வந்தது. மதுரையில் ஒரு கல்லூரி. விளையாட்டுப் பிரிவில் ஒரே ஒரு இடம், எனக்கு நேர்காணல். திங்கள்கிழமை காலை பத்து மணி. அசல் சான்றிதழும் அசல் பதக்கமும் அவசியம் கொண்டுவர வேண்டும். சான்றிதழைச் சித்தப்பா லேமினேட் செய்து அவருடைய பீரோவில் வைத்திருந்தார். மெடல் ஊரில். நான் அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். என் மார்க்குக்கு வேறு எந்தக் கல்லூரியும் வாசலில்கூட நிற்க விடாது. இது போனால் ஊருக்குத் திரும்ப வேண்டும், அதற்கு அப்புறம் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். ஒரு மாப்பிள்ளை வீட்டார் இரண்டு தடவை விசாரித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் பெட்டியைத் திறந்தேன். சேலை இருந்தது, மெடல் இல்லை.

அம்மா அடுப்படியிலிருந்து வரவேயில்லை. அப்போதே எனக்கு விஷயம் கெட்டுப்போனது தெரிந்துவிட்டது.

"அப்பா கேட்டாக. மஞ்சத் துணியில சுத்தித்தான் குடுத்தேன்" என்றாள், சுவரைப் பார்த்தபடி.

"எதுக்குக் கேட்டாக?"

"செவலைக்குக் கட்ட."

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் பொங்கல் முடிந்தும் கோடை வரைக்கும் ஊருக்கு ஊர் மஞ்சுவிரட்டு நடக்கும். திறந்த பொட்டலில் மாட்டை அவிழ்த்துவிடுவார்கள். விடுவதற்கு முன்னால் மாட்டுக்காரர் அதன் கழுத்தில் துண்டு, வேட்டி, கைக்கு வந்த எதையாவது கட்டிவிடுவார். திமிலைப் பிடித்து நிற்கிறவனுக்குக் கட்டினது சொந்தம். பிடிக்க முடியாவிட்டால் மாடு அதோடு வீடு திரும்பும், ஊரே பேசும். நல்ல பொருளாகக் கட்டுவது ஒரு திமிர். என் மாட்டை எவனும் தொடமுடியாது என்று சொல்லாமல் சொல்வது. செவலையை மூன்று வருஷமாக யாரும் தொட்டதில்லை. அந்தத் தெம்பில் வியாழக்கிழமை, மேற்கே பத்து மைல் தள்ளி நடந்த மஞ்சுவிரட்டில், அப்பா அதன் கழுத்தில் என் மாநில மெடலைக் கட்டி அவிழ்த்துவிட்டிருக்கிறார்.

நாலாவது வருஷம் செவலையை ஒருவர் பிடித்துவிட்டார்.

நான் கத்தினேன். அன்றைக்கு என்னென்ன பேசினேன் என்று எழுதினால் என் பள்ளிக்கூடத்தில் என்னை வேலைக்கு வைத்திருக்கமாட்டார்கள். கடிதத்தைக் காட்டினேன், படித்தும் சொன்னேன். அப்பா திண்டாடிப்போனார். அதற்கு முன்னால் நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார்.

"இப்பிடி ஒரு கடுதாசி வரும்னு எனக்கென்னத்தா தெரியும்?"

"போயிக் கேட்டு வாங்கிட்டு வாங்க."

"வாங்க முடியாது" என்றார். "மாட்டுல கட்டுனத வீட்டுக்குப் போயிக் கேட்டம்னா, மாட்டையே கேவலப்படுத்துனதா ஆகும். இம்புட்டு வருசத்துல எவனும் கேட்டதில்ல. பிடிச்ச ஊரு தெரியும், ஒன்னையக் கூட்டிட்டுப் போறேன். கேக்குறது நீ கேட்டுக்க."

இரவு முழுக்க அவரோடு பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை அவருடைய டி.வி.எஸ். ஃபிப்டியில் பின்னால் உட்கார்ந்து போகும்போதும் பேசவில்லை. அந்த ஊர் முக்கு டீக்கடையில் வண்டியை நிறுத்தி, "கெழக்க பாத்த மூணாவது வீடு" என்று காட்டிவிட்டு, யாரோ எவரோ போல டீ சொல்லப் போய்விட்டார்.

மூன்றாவது வீட்டு வாசலில் ஒருவர் கைப்பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். இருபத்தைந்து வயதிருக்கும். வலது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் சிராய்ப்பு, அதன்மேல் மஞ்சள் பத்து. கழுத்தில் நீல ரிப்பன். என் மெடல் அந்த மனிதரின் வெற்று மார்பில் கிடந்தது, குழந்தை அதைச் சப்பிக்கொண்டிருந்தது.

எனக்கு அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆத்திரத்தை அடக்கிக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். கடிதத்தை நீட்டினேன். அவர் படிக்கவில்லை, மனைவியைக் கூப்பிட்டுக் கொடுத்தார். அந்த அக்கா சத்தமாகப் படித்து முடித்ததும், "குடுத்துருங்க, படிக்கிற பிள்ள" என்றாள்.

அவர் பிள்ளையின் வாயிலிருந்து மெடலை எடுத்து ஒரு தடவை பார்த்தார்.

"தங்கச்சி, தப்பா நெனைக்காதீக. இது நான் கேட்டு வாங்குனதில்ல, பிடிச்சு வாங்குனது. சும்மா தூக்கிக் குடுத்துட்டா எனக்கும் மரியாத இல்ல, அந்தச் செவலைக்கும் மரியாத இல்ல. எம்மேல கொம்பு வச்ச மாடு அது. நீங்களும் பிடிச்சு வாங்கிக்கங்க."

"எதப் பிடிச்சு?"

"என்னையத்தான்" என்றார்.

அவர் விளையாடவில்லை. பிள்ளையை மனைவியிடம் கொடுத்தார். கொடியில் கிடந்த சிவப்புத் துண்டை எடுத்து, ஒரு முனையை இடுப்பில் இறுக்கி முடிந்து, மறுமுனையைப் பின்னால் வாலாகத் தொங்கவிட்டார். துண்டைப் பறித்தால் மெடல் எனக்கு. அறுத்துப் போட்ட வயல் வழியாக மோட்டார் ரூமைச் சுற்றித் திரும்பி, வாசல் வேப்பமரத்தை அவர் தொட்டுவிட்டால் அவருக்கு. மாட்டுக்கு வழிவிடுகிற மாதிரி அவரை இருபது எட்டு தூரம் முன்னால் விட வேண்டும்.

நான் வயலைக் கண்ணால் அளந்தேன். போக வர, நானூறு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அந்த நிமிஷம் எனக்குள் ஏற்பட்ட குஷியை இன்றைக்கும் என்னால் மறைக்க முடியவில்லை. அந்த மனிதர் நூறு மீட்டர் என்று சொல்லியிருந்தால் நான் செத்தேன். ஐம்பது என்றால் பேச்சே இல்லை. உலகத்தில் எத்தனையோ தூரம் இருக்க, தன்னை அறியாமல் அவர் என் தூரத்தைக் காட்டினார்.

செருப்பைக் கழற்றினேன். துப்பட்டாவைக் குறுக்கே இழுத்து இடுப்பில் முடிந்தேன். அதற்குள் பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். "மாப்ள, பொம்பளப்பிள்ளகிட்ட மாட்டிராதடா" என்று ஒருவர் கத்தினார். அந்த அக்கா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கையைத் தூக்கினாள். "மாடு வருது, மாடு வருது" என்று மஞ்சுவிரட்டில் மைக் பிடிக்கிறவர் மாதிரி இழுத்துச் சொல்லிவிட்டு, கையைக் கீழே போட்டாள்.

அவர் பறந்தார். ஆம்பிளைகள் அப்படித்தான் ஓடுவார்கள், இருக்கிற மூச்சை எல்லாம் முதல் நூறிலேயே செலவழித்துவிட்டு. இருபது எட்டு முப்பது ஆனது. கூட்டம் விசிலடித்தது. நெல் அறுத்த தாள் உள்ளங்காலில் குத்தக் குத்த நான் என் ஓட்டத்தை மட்டும் ஓடினேன். அவசரப்படாதே, மோட்டார் ரூமில் பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நினைத்தபடியே, மோட்டார் ரூமைச் சுற்றும்போது சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய மூச்சு எனக்குக் கேட்டது. கேட்டதும் என் கால்கள் தானாகத் திறந்தன. அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, உடம்பே சிரித்தது.

பாதி வயலில் துண்டு என் கைக்கு எட்டுகிற தூரத்துக்கு வந்தது. எட்டிப் பிடித்தேன். அவர் சடாரென்று இடதுபக்கம் உடைந்து திரும்பினார், என் கையில் காற்றுதான் இருந்தது. நிஜமாகவே மாடாகிவிட்டார். ஆனால் செவலையோடு வளர்ந்தவள் நான். திரும்பப்போகிற மாடு முதலில் தோளைத் தாழ்த்தும். அவருடைய தோளைப் பார்த்துக்கொண்டே ஓடினேன். வேப்பமரத்துக்கு இன்னும் பத்துப் பதினைந்து எட்டு இருக்கும்போது வலது தோள் இறங்கியது. நான் வலதுபக்கம் பாய்ந்தேன்.

துண்டு முனை சிக்கியது. முடிச்சு அவிழவில்லை. அவர் நிற்கவுமில்லை. நான் விழுந்தேன், விழுந்தும் விடவில்லை, ஐந்தாறு எட்டு தூரம் என்னை இழுத்துக்கொண்டு போனார். முழங்கால் கிழிந்தது, வாயெல்லாம் மண். மரத்துக்கு ஒரு கை தூரத்தில் முடிச்சு அவிழ்ந்து துண்டு முழுசாக என் கையில் வந்தது.

கூட்டம் போட்ட சத்தத்தில் குழந்தை அழுதது. நான் மண்ணில் உட்கார்ந்தபடி துண்டைத் தலைக்கு மேல் சுற்றினேன். மாநிலப் போட்டியில் இரண்டாவது வந்தபோதுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் இல்லை. வரப்பு மேட்டில் யாரோ ஒருவர் தன் துண்டையும் சுற்றிக்கொண்டிருந்தார். உற்றுப் பார்த்தேன், அப்பா. நான் பார்த்ததும் துண்டைச் சட்டென்று தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைப் பக்கம் நடந்துவிட்டார்.

செவலையைப் பிடித்தவர் மூச்சு வாங்கிக்கொண்டே மெடலைக் கழற்றி, வேட்டி நுனியில் பிள்ளையின் எச்சிலைத் துடைத்து என்னிடம் நீட்டினார். அப்போதுதான் முதல் தடவையாக என் பெயரைச் சொன்னார். என் முழுப் பெயரை. நான் அதுவரை பெயரைச் சொல்லவே இல்லை. கடிதத்தில் இருந்ததோ வெறும் இனிஷியலும் பதிவு எண்ணும்தான்.

"எம்பேரு எப்பிடிண்ணே தெரியும்?"

"அன்னைக்கு மைக்குல சொன்னாகளே. ஊரு, பேரு, நானூறு மீட்டரு, மாநிலத்துல ரெண்டாவது. மூணு தடவ சொன்னாக. மாட்டுக்காரன் பேரச் சொல்லிக் கேட்டிருக்கோம். மாட்டுக்காரன் மக பேர மைக்குல நான் அன்னைக்குத்தான் கேட்டேன். அம்புட்டுப் பெருசா சொல்றாகளே, பிடிச்சுத்தான் பாப்பமேனுதான் உள்ள எறங்குனேன். வாசல்ல பாத்ததுமே நீங்கதான்னு தெரிஞ்சுருச்சு."

திரும்பி வருகிற வழியெல்லாம் அப்பாவின் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தேன். கேட்க வேண்டும் என்று வாய் துடித்தது. ஆனால் பேசமாட்டேன் என்று சனிக்கிழமை முடிவு செய்திருந்தேனே. என் பிடிவாதம் அப்படி. கேட்கவில்லை.

திங்கள்கிழமை மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்த சார் சான்றிதழைப் பார்த்துவிட்டு, "சரிம்மா, போகலாம்" என்றார்.

"மெடல் சார்?"

"சர்ட்டிபிகேட் போதும்மா. மெடல் சும்மா ஒரு வழக்கத்துக்குப் போடுறதுதான்."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மேசையே உடைந்திருக்க வேண்டும். முழங்காலில் கட்டு இன்னும் ஈரமாக இருந்தது. மெடலை எடுத்து அவருக்கு முன்னால் டக்கென்று வைத்தேன். "பாருங்க சார்" என்றேன். அவர் எடுத்தார். வளையம் கோணியிருந்தது. எழுத்துப் பள்ளங்களில் சந்தனம் அடைந்து காய்ந்திருந்தது. சந்தேகமாக மூக்குப் பக்கம் கொண்டுபோனார்.

"என்னம்மா, மாட்டு வாடை அடிக்குது?"

சொன்னேன். செவலை, மஞ்சுவிரட்டு, சிவப்புத் துண்டு, எல்லாவற்றையும் நின்றபடியே கையை ஆட்டிச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே மறுபடி மூச்சு வாங்கியது. மூன்று பேரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள். கடைசியில் நடுவில் இருந்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இருபது எட்டு முன்னால விட்டு, வெறுங்காலோடவா?"

"ஆமா சார்."

சீட்டில் கையெழுத்துப் போட்டார்.

கல்லூரி வாசலுக்கு எதிரே, புங்கமர நிழலில் அப்பா வண்டியோடு நின்றுகொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை, கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி. என் முகத்தைப் பார்க்காமல் வண்டியின் கண்ணாடியைத் துடைத்தார்.

"கெடச்சிருச்சுப்பா."

"ம்" என்றார்.

பத்தொன்பது. அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை.

"மைக்குல எம்பேரச் சொல்லச் சொன்னீங்களா?"

துடைப்பதை நிறுத்தினார். "சீட்டுல எழுதிக் குடுத்தேன். பக்கத்து வீட்டு டீச்சர்ட்ட எழுத்துச் சரியானு காட்டித்தான் குடுத்தேன்."

"மூணு தடவ சொன்னாகளாம்."

அந்த அமைதியான முகத்தில் எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ. அப்படியே நான் கோபப்படுகிற மாதிரியே இருந்தது.

"நாலு தடவ சொல்லச் சொல்லி எழுதியிருந்தேன். டிராக்டருல ஒத்த மைக்குக் கொழாய்தான் கட்டியிருந்தான். தெசைக்கு ஒண்ணா, கொழாயத் திருப்பித் திருப்பிச் சொல்லணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். வடக்க சொன்னான், மேக்க சொன்னான், தெக்க சொன்னான். கெழக்க திருப்புறதுக்குள்ள அடுத்த மாடு வந்துருச்சுனு விட்டுட்டான் அந்தப் பய."

"மூணு தெசை போதாதாப்பா?"

"மதுர கெழக்கதான இருக்கு" என்றார் அப்பா. "நீ கெழக்கதான இருந்த."